திரும்பும் பாதை ஏன் குறுகுகிறது?

போகும்போது, "இன்னும் எவ்ளோ தூரம்ப்பா?" என்று நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். திரும்பி வரும்போது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் சாலை அதே சாலைதான். ஜொகூர் பாருவிலிருந்து பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வரை ஏறக்குறைய 560 கிலோமீட்டர். வடக்கே போனாலும் தெற்கே வந்தாலும் தூரம் மாறுவதில்லை.

அப்போது நான் மூன்றாம் படிவ மாணவன். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாட்டி வீட்டுக்குப் போவோம். பாட்டி முன்பு இருந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறகு பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். லயன் வீடுகள் இடிபட்டன. பாட்டி டவுனுக்கு அருகே ஒரு தாமானுக்குக் குடிவந்தார். பிள்ளைகள் கிள்ளான், சிரம்பான், ஜொகூர் பாரு என்று வேலை தேடிப் போனார்கள். உங்களில் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் நம் குடும்பங்களில் விடுமுறை என்றாலே ஒரு நீண்ட கார்ப் பயணமும் கூடவே வருகிறது.

அந்த ஆண்டு போகும்போது நல்ல வெயில். தாப்பாவைத் தாண்டியதும் சாலைக்கு நடுவே தண்ணீர் தேங்கியிருப்பது போல மின்னியது. "மழை பெஞ்சிருக்கு" என்றான் தம்பி. கிட்டே போனால் ஒரு சொட்டுகூட இல்லை. இன்னும் தள்ளி வேறோர் இடத்தில் மின்னியது.

பாலைவனக் கதைகளில் நாம் படிக்கும் கானல் நீர்தான் அது. அதைப் பார்க்கப் பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. சுட்டெரிக்கும் தார்ச்சாலை போதும். சாலையை ஒட்டிய காற்று மிகவும் சூடாகி அடர்த்தி குறைகிறது. மேலே உள்ள காற்று அவ்வளவு சூடாவதில்லை. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி இந்தச் சூடான அடுக்கை நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, தரையைத் தொடாமலேயே மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. மூளையோ, ஒளி எப்போதும் நேர்க்கோட்டில்தான் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே வானத்தின் துண்டு ஒன்றைச் சாலையில் கிடப்பதாகக் காட்டுகிறது. தரையில் வானம் மின்னினால் அது தண்ணீராகத்தானே இருக்க வேண்டும்?

கண் ஏமாறுவதற்கு இப்படிச் சூடான காற்றாவது வேண்டும். நேரத்தைக் கணக்கிடுவதில் மூளை ஏமாற அதுகூட வேண்டாம்.

திரும்பும் பாதை குறுகியதாகத் தோன்றுவது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் நீல்ஸ் வான் டி வென்னும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பேருந்துச் சுற்றுலா போனவர்களிடம் கேட்டார்கள். சைக்கிளில் போய் வந்தவர்களிடம் கேட்டார்கள். பயணக் காணொளி பார்த்தவர்களிடமும் கேட்டார்கள். திரும்பும் பயணம் சராசரியாக 22 விழுக்காடு குறுகியதாகத் தோன்றியதாம். ஆறு மணி நேரப் பயணத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 4 மணி 40 நிமிடம் ஓடியது போலத்தான் இருக்கும். ஒரு மணி 20 நிமிடம் காணாமல் போய்விடுகிறது!

"தெரிந்த வழி, அதனால் சீக்கிரம் வந்த மாதிரி இருக்கிறது" என்றுதான் நாம் உடனே சொல்வோம். அவர்கள் அதையும் சோதித்தார்கள். சிலரை அதே அளவு தூரமுள்ள வேறு வழியில் திரும்பச் செய்தார்கள். அவர்களுக்கும் அது குறுகியதாகவே தோன்றியது. ஆகவே வழி பழகியது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அவர்கள் தரும் விளக்கம் எதிர்பார்ப்பைப் பற்றியது. கிளம்பும்போது "சீக்கிரம் போய்விடலாம்" என்று நினைக்கிறோம், அது நடப்பதில்லை, பயணம் இழுக்கிறது. அந்த அலுப்போடு, "திரும்பும்போதும் இப்படித்தான் இழுக்கும்" என்று மனத்தைத் தயார்செய்து கொள்கிறோம். அப்படித் தயாரானவனுக்கு உண்மையான நேரம் குறைவாகத் தெரிகிறது.

2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதில் இன்னொரு முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். நடைப்பயணக் காணொளிகளைப் பார்க்கச் சொல்லி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஊகிக்கச் சொன்னார்கள். போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் முடிந்தபிறகு, "எது நீளம்?" என்று கேட்டபோதுதான் திரும்பும் பாதை குறுகியது. அதாவது, பயணம் சுருங்குவது சாலையில் அல்ல, நினைவில்.

காரில் பின்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்பவருக்கு இது ஒரு வேடிக்கை. ஸ்டியரிங் பிடிப்பவருக்கு? இங்கே என் சொந்தக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், எந்த ஆய்விலும் உள்ளதல்ல. "போன தடவை சுலபமா வந்துட்டோமே" என்று நம்பித்தான் பெரியவர்கள் பல நேரங்களில் இரவில் கிளம்புகிறார்கள். அந்த "சுலபமா" என்பது சுருங்கிப்போன நினைவாக இருந்தால் என்ன செய்வது?

அன்று நாங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பினோம். மறுநாள் காலை அப்பாவுக்கு வேலை. "ராவுல போனா ஜாம் இருக்காது" என்றார் பாட்டி. உண்மைதான், ஜாம் இல்லை. ஆனால் அப்பா அன்று காலை 6 மணிக்கே எழுந்துவிட்டார். பகல் முழுக்க உறவினர் வீடுகள், விருந்து, பேச்சு. படுக்க நேரமே கிடைக்கவில்லை.

ஈப்போவைக் கடக்கும்வரை பேசிக்கொண்டு வந்தோம். தாப்பா, பீடோர் எல்லாம் போனபிறகு அம்மாவும் தம்பியும் தூங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் செம்பனை இருட்டு. சாலையில் பதித்த சிறு பிரதிபலிப்பான்கள் ஒவ்வொன்றாக வந்து, மின்னி, காருக்கு அடியில் மறைந்தன. வேறெதுவும் மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் நல்லாபோர் வறண்ட சமவெளியில் 146.6 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடும் சாலை ஒன்று உண்டு. ஏறக்குறைய சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் வரையுள்ள தூரம், திருப்பமே இல்லாமல்! அத்தகைய சாலையில் பள்ளமோ வளைவோ அல்ல ஆபத்து. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் ஆபத்து. செய்வதற்கு வேலை இல்லாதபோது, அதுவரை பகலின் சந்தடியால் மறைந்திருந்த தூக்கம் வெளியே வந்துவிடுகிறது. இரவு நேர நெடுஞ்சாலையும் அப்படிப்பட்ட ஒரு பாலைவனம்தான்.

சுங்கையைத் தாண்டியிருப்போம். திடீரென்று "டர்ர்ர்ர்" என்று காரே அதிர்ந்தது. சாலை ஓரத்தில் மேடுமேடாகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் இடப்பக்கச் சக்கரங்கள் ஏறிவிட்டன. அப்பா சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினார். அம்மா விழித்துக்கொண்டு, "என்னங்க, தூக்கம் வருதா?" என்றார்.

"இல்லையே, முழிச்சுத்தான் இருக்கேன்."

அப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பயங்கரம். தாம் விழித்திருந்ததாகவே அவர் உண்மையாக நம்பினார்.

இதை ஆங்கிலத்தில் மைக்ரோ ஸ்லீப் என்கிறார்கள். நாம் நொடித்தூக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியிலிருந்து பத்துப் பதினைந்து நொடிவரை மூளை உலகத்தோடு தொடர்பை அறுத்துக்கொள்கிறது. சில சமயம் கண்கள் திறந்தேகூட இருக்கும். அவ்வளவு குறுகிய தூக்கத்தை நினைவு பதிவுசெய்வதில்லை. அதனால் எழுந்தவருக்குத் தூங்கியதே தெரியாது. நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். ஒரு நொடிக்குச் சுமார் 30.6 மீட்டர். 4 நொடி என்றால் 122 மீட்டர், ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். அந்தத் தூரம் முழுவதும் கார் ஓடுகிறது, ஓட்டுநர் இல்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலிகளை நீண்ட நேரம் விழித்திருக்கச் செய்து மூளையின் மின் அலைகளைப் பதிந்தார்கள். 2011-இல் வெளியான அந்த முடிவு, தூக்கத்தைப் பற்றிய நம் எண்ணத்தையே அசைத்தது. எலிகள் நடமாடிக்கொண்டு, விழித்த நிலையில் இருந்தபோதே, மூளையில் சில நரம்பணுக் கூட்டங்கள் மட்டும் தூங்குவது போலச் சிறிது நேரம் அணைந்து மீண்டும் எரிந்தன. அப்படியானால், விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவிட்சு இல்லை. வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கு அணைவது போல மூளை பகுதி பகுதியாகத் தூங்க முடியும்.

ஏன் தூக்கம் வருகிறது? இரண்டு சக்திகள் சேர்ந்து இழுக்கின்றன என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் விளக்கினார். முதலாவது, விழித்திருக்கும் நேரம். மூளை அணுக்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது அடெனோசின் என்ற பொருள் மிஞ்சுகிறது. விழித்திருக்க விழித்திருக்க அது சேர்ந்துகொண்டே போய், தூங்கு தூங்கு என்கிறது. தூங்கினால்தான் குறையும். இரண்டாவது, உடல் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள். அவைதாம் அந்தக் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்து கொள்கிறது. அதன் கணக்கில் அதிகாலை 2 முதல் 6 மணிவரை ஆழ்ந்த பள்ளம். பிற்பகல் 2 முதல் 4 மணிவரை ஒரு சிறு பள்ளம். மதியப் பாடத்தில் உங்களுக்குக் கண் சொக்குவதற்கு ஆசிரியர் மட்டும் காரணம் அல்ல.

இந்தப் பள்ளம் நம் ஊரில் இன்னும் சற்றுத் தள்ளிப் போகவும் வாய்ப்புண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கைக்கடிகாரத்தில் பிற்பகல் 1.15 ஆகியிருக்கும். உடல் நம்புவது கைக்கடிகாரத்தை அல்ல, சூரியனை.

சூரியனை நம்பி வாழ்ந்தவர் பாட்டி. தோட்டத்தில் விடியுமுன்பே பெரட்டு. ஆள் கணக்கெடுத்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார்கள். இது முதலாளி வைத்த விதி மட்டும் இல்லை, மரம் வைத்த விதி. பகலில் இலைகள் நீராவியை வெளியேற்றுவதால் மரப்பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் குறைகிறது. இரவில் மரம் நீரை நிரப்பிக்கொள்கிறது. விடியுமுன் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது கீறினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். மரத்துக்கு ஒரு கடிகாரம், அதற்கு ஏற்றபடி பாட்டிக்கு ஒரு கடிகாரம். இரவு 8.30-க்கெல்லாம் படுத்துவிடுவார். (சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே கோலகங்சாரில்தான் 1877-இல் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. நம் காரின் டயரில் உள்ள இயற்கை ரப்பரின் கதை இந்நாட்டில் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. டயரைப் பற்றி இன்னொரு வாரம் பேசலாம்.)

விடுமுறையில் நாம் என்ன செய்கிறோம்? இரவு 2 மணிவரை பட்டாசு, படம், கைப்பேசி. கடிகாரம் தாறுமாறாகிறது. அந்தக் களைப்போடு, பாட்டி ஆழ்ந்து தூங்கும் நேரத்தில் 560 கிலோமீட்டர் ஓட்டக் கிளம்புகிறோம்.

அப்பாவின் கணக்குக்கு வருவோம். காலை 6 மணிக்கு எழுந்தவர், அந்தக் கோட்டில் ஏறியபோது நள்ளிரவு. 18 மணி நேர விழிப்பு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஆட்களை ஒருமுறை தூங்காமல் வைத்தும், இன்னொருமுறை மது அருந்தச் செய்தும், கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறனை அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு இறங்கிவிட்டது. மலேசியாவில் 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் வரம்பும் அதேதான்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். என் அப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்த இரவில் அவருடைய கை, குடித்தவர் கையாக இருந்திருக்கலாம்.

குடித்தவரை வாசனை காட்டிக்கொடுக்கும்; காவல்துறையிடம் ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. தூக்கத்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஓட்டுபவர் தாமே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. தினமும் 6 மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாக மட்டும் தூங்கி 14 நாள் கழித்தவர்களைச் சோதித்தார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?" என்று கேட்டால், சில நாளுக்குப் பிறகு, "பெரிதாக ஒன்றுமில்லை, பழகிவிட்டது" என்ற பாணியில்தான் பதில். பழகியது உணர்வு மட்டும், திறன் பழகவில்லை. "எனக்குத் தூக்கமெல்லாம் வராது" என்று சொல்லும் மாமாக்களை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

சரி, என்னதான் செய்வது? கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் நம் ஊர் வழக்கம். பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹோர்ன் என்ற இருவர், தூக்கக் கலக்கத்தில் உள்ளவர்களைக் கார் ஓட்டும் மாதிரிக் கருவியில் உட்கார வைத்து இவற்றைச் சோதித்தார்கள். குளிர்காற்றும் வானொலியும் சிறிது நேரத்துக்கு மேல் உதவவில்லை. நன்றாக உதவியது வேறொன்று: ஒரு நல்ல கோப்பி குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணயர்வது.

கோப்பி குடித்துவிட்டுத் தூங்குவதா என்று கேட்கத் தோன்றும். கஃபீன் மூலக்கூறு பார்ப்பதற்கு அடெனோசினைப் போலவே இருக்கும். அடெனோசின் போய் உட்கார வேண்டிய நாற்காலிகளில் அது முந்திப் போய் உட்கார்ந்துவிடுகிறது. தூங்கு என்ற செய்தி தடைபடுகிறது. ஆனால் குடித்ததும் அது மூளைக்குப் போய்விடுவதில்லை, 20, 30 நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் தூங்கினால், கொஞ்சம் அடெனோசினும் குறையும். விழிக்கும் நேரத்தில் கஃபீனும் வந்து சேரும். 20 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம்; எழுந்தால் தலை மந்தமாக இருக்கும். ஆனால் இது அடுத்த ஓய்விடம்வரை சமாளிக்க மட்டும்தான். ஓர் இரவுத் தூக்கத்துக்கு ஈடான கோப்பி எந்தக் கடையிலும் இல்லை.

உங்களுக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் எடுக்கும் வயதாகவில்லை. இருந்தாலும் அந்தக் காரில் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. முன் இருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. ஓட்டுபவர் அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா, காரணமில்லாமல் வேகம் கூடிக் குறைகிறதா, கார் கோட்டை உரசுகிறதா என்று பாருங்கள். "கடைசியா என்ன ஊர்ப் பெயர்ப் பலகை வந்துச்சுப்பா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் அதைக் கடந்தபோது எங்கே இருந்தார் என்று யோசியுங்கள். "உங்களுக்குத் தூக்கமா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். "எனக்கு அவசரமா கழிவறைக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். எந்த அப்பாவும் அதை மறுத்ததில்லை.

அன்று எனக்கு இந்த அறிவியல் எதுவும் தெரியாது. அம்மாதான், "அடுத்த ஆர் அண்ட் ஆர்ல நிறுத்துங்க" என்றார். அப்பா இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்றார். அம்மா மறுபடியும் அதையே சொன்னார், இந்த முறை "என்னங்க" இல்லாமல். ஓய்விடத்தில் நிறுத்தி, இருக்கையைச் சாய்த்ததும் அப்பா தூங்கிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. முழிச்சுத்தான் இருக்கேன் என்றவர்! சுற்றிலும் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றின் ஓட்டுநர்களும் காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்பாவை எழுப்பவே இல்லை. விடியும்போது அவராகவே எழுந்து, வேலையிடத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, வர மதியம் ஆகிவிடும் என்றார்.

அடுத்த தீபாவளிக்குக் காலைப் பசியாறிவிட்டு 9 மணிக்குக் கிளம்பினோம். பாட்டிக்குக் கோபம். "ஒரு வேளை சாப்பாட்டுக்கு இருந்துட்டுப் போனா என்னடா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு, முறுக்கு டின்னைத் தம்பியின் மடியில் வைத்தார். கோப்பெங்கைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் சாலை மின்னியது.

"மழை பெஞ்சிருக்கு" என்றான் தம்பி.